டி டிரைவை நம்பினோர் கைவிடப்படுவார்

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதனால கொஞ்ச நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல. இன்னிக்கு வந்ததுக்கு ஒரே காரணம் கோவம். பொட்டி தட்டுற சக பதிவர்கள் நெறைய பேர் இதைப் படிக்கிறீங்க. அதனால முன்கூட்டியே சொல்லிடறேன், இந்தப் பதிவு உங்களைத்தான் திட்டுது. என்னையும் சேர்த்துத்தான். ஆட்டோ அனுப்பறதா இருந்தா முழுசா படிச்சிட்டு அனுப்புங்க :-)

விஷயம் ரொம்பச் சின்னது. ஒரு கம்ப்யூட்டர்ல என்னென்ன டிரைவ் இருக்குன்னு நம்ம நிரல் தானா கண்டுபிடிக்கணும். இதைப் போய் ஒரு பதிவா போடணுமான்னு கேப்பீங்க. "ஏ-லேருந்து இஸட் வரைக்கும் ஒரு லூப் போடு, டிர் ஃபங்ஷன்ல கேட்டுப் பாரு, எர்ரர் வந்தா அடுத்த எழுத்துக்குப் போ. அஞ்சு வரி, முடிஞ்சுது ஜோலி." இப்படிச் சொல்றவங்களை நான் ஒரு நூறு பேராவது பார்த்திருப்பேன். இதைவிட மோசமானவங்க அந்த லூப் கூட போடாதவங்க. "டி:\பேக்கப்"னு நேரா கோடுல எழுதிட்டுப் போயிடுவாங்க. டி இல்லாத பொட்டி உலகத்துல ஏதுங்கிற நம்பிக்கை.

எங்க சித்தப்பா சாத்தூர் பக்கம் மருந்துக்கடை வச்சிருக்கார். 2011-ல பில் போடறதுக்கு ஒரு சாப்ட்வேர் வாங்கினார். உள்ளூர்ல ஒருத்தர் விபி 6-ல எழுதினது, பின்னாடி ஆக்சஸ் டேட்டாபேஸ். ஒண்ணும் கொறை சொல்ல முடியாது, நல்லாவே ஓடுச்சு. ராத்திரி கடை மூடும்போது வெளியேறும் பட்டனை அமுக்கினா, டேட்டாபேஸை டி டிரைவுக்கு ஒரு காப்பி எடுத்துட்டு, "பேக்கப் வெற்றிகரமாக முடிந்தது"ன்னு ஒரு பொட்டி காட்டும். சித்தப்பா ஓகே அமுக்கிட்டு, சாமி படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு ஷட்டரை இறக்குவார். அஞ்சு வருஷம் இந்தச் சடங்கு.

2016-ல விண்டோஸ் மக்கர் பண்ணுச்சு. ஹார்ட்வேர் பாக்குற பையன் வந்து டேட்டாவைப் பத்திரமா எடுத்து வச்சிட்டு, ஃபார்மேட் அடிச்சு, முழு டிஸ்க்கையும் ஒரே சி டிரைவா போட்டுக் குடுத்துட்டுப் போனான். தப்பே கிடையாது. அடுத்த காலி எழுத்து டி. அது யாருக்குப் போச்சு? டிவிடி டிரைவுக்கு.

அன்னிலேருந்து ஒவ்வொரு ராத்திரியும் அந்த சாப்ட்வேர் காலியா இருக்குற டிவிடி தட்டுல டேட்டாபேஸைக் காப்பி பண்ணப் பார்த்துச்சு. எர்ரர் வந்துச்சு. ஆனா அந்த ஃபங்ஷனோட மொத வரி என்ன? ஆன் எர்ரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்! எர்ரரை முழுங்கிட்டு அடுத்த வரிக்குப் போ. அடுத்த வரி "வெற்றிகரமாக முடிந்தது". ரெண்டு வருஷம், ஒரு நாள் விடாம, அந்தப் பொட்டி பொய் சொல்லியிருக்கு. சித்தப்பாவும் ஓகே அமுக்கியிருக்கார்.

2018 செப்டம்பர்ல ஹார்ட் டிஸ்க் டக் டக்னு சத்தம் போட்டுச்சு. மறுநாள் பயாஸ்லயே தெரியல.

மருந்துக்கடை வச்சிருக்கவங்களுக்குத் தெரியும், இது வெறும் விற்பனைக் கணக்கு இல்ல. எந்த ஸ்டாக்கிஸ்டுக்கு எவ்ளோ பாக்கி, எந்த பேட்ச் எப்ப எக்ஸ்பயரி, திருப்பி அனுப்பின சரக்குக்கு எவ்ளோ வரவு வரணும், எல்லாம் அதுக்குள்ளதான். ஷெட்யூல் எச்1-ல வர்ற மருந்துகளுக்கு, 2014 மார்ச்சுலேருந்து, யாருக்கு எந்த டாக்டர் சீட்டுல எவ்ளோ குடுத்தோம்னு தனியா பதிவு வச்சு மூணு வருஷம் காப்பாத்தணும். ஜிஎஸ்டி வந்து அப்பத்தான் ஒரு வருஷம் தாண்டியிருக்கு. டேட்டா மீட்டுத் தர்றோம்னு சொன்ன இடத்துல 28 ஆயிரம் கேட்டாங்க, அதுவும் உத்தரவாதம் கிடையாதாம். சித்தியும் தங்கச்சியும் கார்பன் காப்பி பில் புக்கை எல்லாம் எடுத்துப் போட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல உக்காந்து ஒண்ணரை மாசம் திரும்ப ஏத்துனாங்க. ஒரு ஸ்டாக்கிஸ்ட் சொன்ன பாக்கியை சித்தப்பா மறுபேச்சு பேசாம கட்டினார். "அவர் பொய் சொல்றார்னு சொல்ல என்கிட்ட என்னய்யா கணக்கு இருக்கு?"ன்னார். எனக்கு அன்னிக்கு சாப்பாடு எறங்கல.

சாப்ட்வேர் எழுதினவர் வந்தார். மரியாதையான மனுஷன். சோர்ஸ் கோடை பென்டிரைவ்ல கொண்டு வந்து என்கிட்டயே காட்டினார். எல்லாம் பார்த்துட்டு ஒரு வார்த்தை சொன்னார் பாருங்க. "சார், யூசர் அப்பப்ப டி டிரைவைத் தொறந்து பேக்கப் வந்திருக்கான்னு பார்த்திருக்கணும்."

இந்தப் பதிவே அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

யூசர் பார்த்திருக்கணுமாம். ஒரு மருந்துக்கடைக்காரர் தினம் ராத்திரி மை கம்ப்யூட்டரைத் தொறந்து, ஃபைலோட தேதியும் சைஸும் சரிபார்க்கணுமாம். அப்புறம் எதுக்குய்யா சாப்ட்வேர்? டிரைவ் இருக்கா, அது எந்த வகை, எழுத முடியுமா, எழுதினது நெசமாவே எழுதப்பட்டுச்சா, இந்த நாலையும் பார்க்க வேண்டியது நம்ம வேலை. அதைச் செய்யாம "முடிந்தது"ன்னு ஒரு பொட்டி காட்டுறது சோம்பேறித்தனம்னு சொன்னா ரொம்ப மென்மை. எனக்கு அது பொய்ச் சாட்சியாத்தான் தெரியுது.

சரி, திட்டினது போதும், கொஞ்சம் விஷயத்துக்கு வருவோம். பொட்டி தட்டாத நண்பர்களும் படிக்கலாம், கடிக்காது.

இந்த எழுத்துங்க எங்கேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா பாதிக் கோளாறு புரிஞ்சுடும். 1974-ல கேரி கில்டால் எழுதின சிபி/எம்-ல ஃப்ளாப்பி டிரைவுகளுக்கு ஏ, பி-ன்னு பேர் வச்சாங்க. 1981-ல ஐபிஎம் பிசியோட வந்த டாஸ் அதை அப்படியே எடுத்துக்கிச்சு. 1983-ல பிசி எக்ஸ்டி-யில 10 எம்பி ஹார்ட் டிஸ்க் வந்தப்போ அது சி ஆச்சு. இதுல ஒரு கூத்து, ஒரே ஒரு ஃப்ளாப்பி டிரைவ் இருக்குற பொட்டியிலயும் டாஸ் பி டிரைவ் இருக்குன்னு சொல்லும்! பி-க்கு ஏதாவது காப்பி பண்ணச் சொன்னா, "பி-க்கான தட்டைப் போடு"ன்னு கேட்டுட்டு அதே டிரைவைப் பி-ன்னு கூப்பிட்டுக்கும். ஆக, ஆரம்பத்துலேருந்தே எழுத்து வேற, சாமான் வேற. எழுத்துங்கிறது பட்டப்பேரு. பட்டப்பேரை வச்சுக்கிட்டு ரேஷன் கார்டு கேட்டா எப்படி?

டாஸ் காலத்துல ரெண்டாவதா ஒரு ஹார்ட் டிஸ்க் மாட்டினா, எல்லா டிஸ்க்கோட பிரைமரி பார்ட்டிஷனுக்கும் மொதல்ல எழுத்து குடுக்கும், அப்புறம்தான் லாஜிக்கல் பார்ட்டிஷனுக்கு. நேத்து டி-யா இருந்தது இன்னிக்குக் காலையில இ. விண்டோஸ் 2000-க்கு அப்புறம் எந்த வால்யூமுக்கு எந்த எழுத்துன்னு ரெஜிஸ்ட்ரியில மவுண்டட்டிவைசஸ்ங்கிற இடத்துல ஞாபகம் வச்சுக்குது. ஆனா ஃபார்மேட் அடிச்சா அந்த ஞாபகமும் போச்சு. சித்தப்பா கடையில நடந்தது அதுதான்.

இப்ப அந்த அஞ்சு வரி லூப்பைப் பாருங்க. ஃப்ளாப்பி இருந்த காலத்துல அது ஏ-யைத் தொட்டதும் கிர்ர்ர்ர்னு ஒரு சத்தம் வரும், நிரல் அப்படியே நிக்கும். காலி டிவிடி டிரைவைத் தொட்டா எர்ரர் 71, இல்லாத சாதனம்னா 68. சில சமயம் "டிரைவில் தட்டு இல்லை"ன்னு விண்டோஸே ஒரு பொட்டியைக் கொண்டாந்து மூஞ்சியில நீட்டும். அதை அடக்க செட்எர்ரர்மோட்ல ஃபெயில்கிரிட்டிக்கல்எர்ரர்ஸ் கொடியைப் போடணும். நம்மாளுங்க என்ன பண்ணுவாங்க? ரெஸ்யூம் நெக்ஸ்ட் போட்டு வாயை அடைச்சுடுவாங்க. அப்புறம் செத்துப்போன நெட்வொர்க் டிரைவ் ஒண்ணு மேப் பண்ணியிருந்தா அந்த எழுத்துக்கிட்ட போய் லூப் திருதிருன்னு முழிச்சிக்கிட்டு நிக்கும். யூசர் டாஸ்க் மேனேஜரைத் தொறந்து கொன்னுடுவார்.

தட்டிப் பார்க்காமலே கேக்குறதுக்குன்னு விண்டோஸ்லயே ஒரு ஃபங்ஷன் இருக்கு, பல வருஷமா இருக்கு. கெட்லாஜிக்கல்டிரைவ்ஸ். ஒரே ஒரு எண்ணைத் திருப்பிக் குடுக்கும். அதோட மொத பிட் ஏ, ரெண்டாவது பி, மூணாவது சி, இப்படி. 28 வந்துச்சுன்னா 4+8+16, அதாவது சி, டி, இ. எந்த டிரைவும் சுத்தாது, சத்தம் வராது. ஆனா இதுவும் எழுத்து இருக்குன்னுதான் சொல்லும், உள்ள ஏதாவது இருக்குன்னு சொல்லாது.

அடுத்தது கெட்டிரைவ்டைப். 2 வந்தா கழட்டி மாட்டுறது, 3 நிலையானது, 4 நெட்வொர்க், 5 சிடி/டிவிடி, 6 ராம் டிஸ்க். சித்தப்பா கடை சாப்ட்வேர்ல இந்த ஒத்தை வரி இருந்திருந்தா, டி-க்கு 5 வந்திருக்கும், அன்னிக்கு ராத்திரியே வண்டவாளம் தெரிஞ்சிருக்கும். ஒரே ஒரு வரி, சாமி!

இங்கயும் ஒரு குழி இருக்கு. யுஎஸ்பி-யில மாட்டுற எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குக்கு இது 3-ன்னுதான் சொல்லும், 2-ன்னு சொல்லாது. பென்டிரைவ்னா பெரும்பாலும் 2. தட்டு எதுவும் சொருகாத கார்ட் ரீடரும் 2-ன்னு சொல்லிக்கிட்டு ஒரு எழுத்தைப் பிடிச்சு வச்சிருக்கும். சப்ஸ்ட் கமாண்டு போட்டு ஒரு ஃபோல்டருக்கு எழுத்து குடுத்திருந்தா அதுவும் 3. அதனால "3 வந்துச்சு, ஆகவே இது உள்ள இருக்குற தனி டிஸ்க்"னு முடிவு பண்ணினா மறுபடியும் அம்போ. எந்த வழியா மாட்டியிருக்குன்னு தெரியணும்னா டிவைஸ்ஐஓகண்ட்ரோல்ல ஸ்டோரேஜ் கொய்ரி ப்ராப்பர்டி கேக்கணும். அதுல பஸ் வகை 7-ன்னு வந்தா யுஎஸ்பி.

இதுவரைக்கும் சொன்னது எல்லாம் சின்ன விஷயம். எனக்குப் பெரிய கோவம் இனிமேதான்.

ஒரு நிமிஷம் யோசிங்க. அந்த ஹார்ட்வேர் பையன் 2016-ல சி, டி-ன்னு பழையபடியே ரெண்டு பார்ட்டிஷன் போட்டுக் குடுத்திருக்கான்னு வச்சுக்குவோம். பேக்கப் ஒழுங்கா டி-க்குப் போயிருக்கும். 2018-ல டிஸ்க் செத்தப்போ என்ன ஆகியிருக்கும்? டி-யும் செத்திருக்கும்! ரெண்டும் ஒரே தகடு. வீட்டுச் சாவி தொலைஞ்சுடுமேன்னு இன்னொரு சாவி செஞ்சு, அதையும் அதே வளையத்துல கோத்து வச்ச கதை. 2011-லேருந்து 2016 வரைக்கும் நல்லா நடந்ததா நாங்க நெனச்ச பேக்கப்பே தெரியாத்தனமா ஏதாவது அழிச்சுட்டா மீட்கத்தான் உதவும், டிஸ்க் போறதுக்கு உதவாது. எழுதினவருக்கு இது தோணவே இல்ல. எனக்கும் அவர்கூட உக்காந்து கோடு பார்த்த அன்னிக்குத்தான் தோணுச்சு, பொய் சொல்லக் கூடாது.

நம்ம ஊர்ல எத்தனை பில்லிங் சாப்ட்வேர், எத்தனை சீட்டுக் கணக்கு, எத்தனை ஸ்கூல் ஃபீஸ் சாப்ட்வேர் இப்படி டி-யில பேக்கப் எடுத்து வச்சுக்கிட்டு நிம்மதியாத் தூங்குது!

ரெண்டு எழுத்து ஒரே டிஸ்க்குல இருக்கான்னு நிரலால கண்டுபிடிக்க முடியும். வால்யூம் கெட் வால்யூம் டிஸ்க் எக்ஸ்டென்ட்ஸ்னு ஒரு ஐஓசிடிஎல் இருக்கு. அந்த வால்யூம் எந்த எண்ணுள்ள டிஸ்க்குல உக்காந்திருக்குன்னு சொல்லிடும். சி-க்கும் 0, டி-க்கும் 0-ன்னு வந்தா ரெண்டும் ஒரே தகடு. அட்மின் உரிமை கூட வேணாம், கிரியேட்ஃபைல்ல அணுகல் உரிமைக்கு சைபர் குடுத்தாப் போதும். பின்சாய்வுக் கோடுல மட்டும் உஷாரா இருங்க. கெட்டிரைவ்டைப்புக்குக் கடைசியில கோடு வேணும், இங்க கோடு இருக்கக் கூடாது. எனக்கு இதுல ஒரு ஞாயித்துக்கிழமை போச்சு :-( இவ்ளோ கீழ எறங்க அலுப்பா இருந்தா டபிள்யூஎம்ஐ-ல வின்32 டிஸ்க்டிரைவ்லேருந்து பார்ட்டிஷனுக்கும், அங்கேருந்து லாஜிக்கல்டிஸ்க்குக்கும் சங்கிலியா போகலாம். கொஞ்சம் மெதுவா இருக்கும், ஆனா விபி ஸ்கிரிப்ட்லயே ஆகிடும்.

இதைச் சொன்னா சில நண்பர்கள் டாட்நெட்டைக் காட்டுவாங்க. "2005-லயே டிரைவ்இன்ஃபோ வந்தாச்சு, கெட்டிரைவ்ஸ்னு கேட்டா பட்டியல் குடுக்குது, நீ இன்னும் ஆதிகாலத்துல இருக்கியே." குடுக்குது, சரி. அதே பட்டியல்ல ஒவ்வொண்ணுக்கும் இஸ்ரெடின்னு ஒரு பண்பு இருக்கே, அதைக் கேட்டுட்டுத்தான் டோட்டல்சைஸைத் தொடுறீங்களா? காலி டிவிடி டிரைவ் இருக்குற பொட்டியில உங்க நிரலை ஓட்டிப் பார்த்துட்டு வாங்க, பேசுவோம். அந்தப் பட்டியலும் எழுத்துப் பட்டியல்தான். ஒரே தகடா ரெண்டு தகடான்னு அதுவும் சொல்லாது.

லினக்ஸ்காரங்க இதைப் படிச்சுட்டு நமட்டுச் சிரிப்பு சிரிக்காதீங்க. எழுத்து இல்லைங்கிறது நெசம்தான். ஆனா எஸ்டிஏ, எஸ்டிபி-ன்னு ஸ்கிரிப்ட்ல நேரா எழுதி வச்சவங்க உங்கள்ல எத்தனை பேர்? அடுத்த தடவை பூட் ஆகும்போது அதே வரிசையில வரும்னு யாரும் எழுதிக் குடுக்கல. அதனாலதானே எஃப்எஸ்டேப்ல யுயுஐடி போடச் சொல்றாங்க? அதைவிட ஒரு கொடுமை இருக்கு. எக்ஸ்டர்னல் டிஸ்க் மவுண்ட் ஆகாத நேரத்துல, அந்த மவுண்ட் பண்ணவேண்டிய காலி ஃபோல்டருக்குள்ளயே ஆர்சிங்க் அழகா காப்பி பண்ணிட்டு, தப்பே இல்லைன்னு வெளிய வரும். எல்லாம் அதே டிஸ்க்குல. ப்ராக் மவுண்ட்ஸை ஒரு வாட்டி பார்த்துட்டு ஓட்டினா என்ன கொறைஞ்சா போயிடுவீங்க?

மூவாயிரம் ரூவா சாப்ட்வேருக்கு இவ்ளோ தேவையான்னு அந்த மனுஷனும் கேட்டார். நான் உக்காந்து அவருக்கு எழுதிக் குடுத்தது மொத்தம் 60 வரிக்குள்ள. எழுத்தையே நம்பறதில்ல. பேக்கப்புக்குன்னு வச்சிருக்குற எக்ஸ்டர்னல் டிஸ்க்குல ஒரு சின்ன அடையாள ஃபைல் இருக்கும். கெட்லாஜிக்கல்டிரைவ்ஸ்ல வர்ற எழுத்துகள்ல 2-ம் 3-ம் மட்டும் எடுத்து, எதுல அந்த ஃபைல் இருக்குன்னு தேடும். அது இன்னிக்கு இ, நாளைக்கு ஜி-யா இருந்தாலும் கவலை இல்ல. டிஸ்க் எண் சி-யோட எண்ணா இருந்தா மாட்டேன்னு சொல்லும். கெட்டிஸ்க்ஃப்ரீஸ்பேஸ்எக்ஸ் வச்சு எடம் பார்க்கும். (விபி 6-ல 64 பிட் எண் கிடையாதே, அதுக்காக கரன்சி வகையில வாங்கி 10000-ஆல பெருக்குற பழைய தகிடுதத்தம் ஞாபகம் இருக்கா? அதேதான்.) காப்பி பண்ணின பிறகு திரும்பப் படிச்சு ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தினாத்தான் "முடிந்தது". இல்லேன்னா மறுநாள் காலையில மொத ஸ்கிரீன்லயே, கடைசியா சரிபார்த்த பேக்கப் எத்தனை நாள் முன்னாடின்னு செவப்பு எழுத்துல நிக்கும். சித்தப்பா மொத வாரம் அந்தச் செவப்பைப் பார்த்துட்டு போன் பண்ணினார், "ஏப்பா, கடன்காரன் மாதிரி கேட்டுக்கிட்டே இருக்கே இது?"ன்னு. கேக்கட்டும் சித்தப்பா, விடுங்கன்னேன்.

இதையெல்லாம் இப்ப எழுதக் காரணம் இருக்கு. விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுடுச்சு. கடைக்காரங்க பொட்டியை மாத்திக்கிட்டிருக்காங்க. பழைய விபி 6 சாப்ட்வேர் விண்டோஸ் 11-லயும் ஓடத்தான் செய்யுது, அதனால அதையே தூக்கிப் புதுசுல போடறாங்க. புதுப் பொட்டியில ஒரே எஸ்எஸ்டி, ஒரே சி. டிவிடி டிரைவே கிடையாது. மொதல்ல சொருகுற பென்டிரைவ் டி ஆகுது. பையன் பாட்டு கேக்க வச்சிருக்குற பென்டிரைவுக்குள்ள கடைக் கணக்கு போய் உக்காரும், அவன் அதைக் கழட்டி எடுத்துக்கிட்டுப் போயிடுவான். உங்க பேர்ல யாராவது கடையில ஏதாவது சாப்ட்வேர் ஓட்டிக்கிட்டிருந்தா சோர்ஸைத் தொறந்து டி:\-ன்னு ஒரு தேடல் போடுங்க.

நான் போட்டேன். 2009-ல ஒரு நண்பரோட அப்பா கேபிள் டிவி வசூல் கணக்குக்காக நான் எழுதிக் குடுத்தது. வீரமா இவ்ளோ பேசறேனே, 214-ஆவது வரியில இருந்துச்சு, டி:\பேக்கப். மேல ஒரு ரெஸ்யூம் நெக்ஸ்ட் வேற.

போன ஞாயித்துக்கிழமை நேர்லயே போனேன். ஐயா இன்னும் அதைத்தான் ஓட்டறார், லேப்டாப்ல. டி டிரைவ் இருந்துச்சு. தயாரிச்சவங்க வச்ச ரெக்கவரி பார்ட்டிஷன், முழுசா நெறைஞ்சு செவப்புக் கோட்டோட. அதுல என்னோட பேக்கப் ஃபைல் கடைசியா எழுதப்பட்ட தேதி 2021 மார்ச் 9. அவர் எனக்கு காப்பி போடச் சொல்லிட்டு, "தம்பி எழுதிக் குடுத்தது, இத்தனை வருஷத்துல ஒரு நாள் கூட தொந்தரவு குடுத்ததில்ல"ன்னு பக்கத்துல இருந்தவர்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தார்.